ஒத்தப்படைன்னா ஓட்டாதே

மச்சான்,

நேற்று சாயங்காலம் பிரிஞ்சாங் சந்தையில் உன்னால் என் மானம் கப்பலேறியது. நீ போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகப் போகிறது, இன்னும் என்னை ஆட்டிவைக்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன், அங்கே இருந்தபடியே நன்றாகச் சிரி.

கரும்புச்சாறு குடிக்கப் போனேன். சர்க்கரை வியாதிக்காரனுக்கு அது விஷம் என்று என் பெண்டாட்டி தினம் ஒரு பாட்டு பாடுகிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் போனேன். கடைக்காரர் மலாய்க்காரர், மீசை நரைத்தவர். இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கரும்பை நுழைத்துச் சாறு பிழிகிற மெஷின் வைத்திருக்கிறார். நான் போன நேரம் பார்த்து சக்கை உள்ளே சிக்கி மெஷின் திணறியது. மனிதர் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு விரலை உருளைக்கு நடுவே நுழைத்துச் சக்கையை இழுக்கிறார். மறுபக்கம் அவர் மனைவி. கூட்டத்தில் யாரோ ஏதோ கேட்க, அவள் பதில் சொல்லிக்கொண்டே சுவிட்சுப் பக்கம் கையை நீட்டுகிறாள். அறுபத்தெட்டு வயதில் எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ தெரியாது.

"அங்காட் தாஙான்!" என்று கத்தினேன்.

கையைத் தூக்கு என்றுதான் அர்த்தம். ஆனால் மலாயில் அதைப் போலீஸ்காரன்தான் திருடனைப் பார்த்துச் சொல்வான். கடைக்காரர் வெலவெலத்துப் போய் இரண்டு கையையும் தூக்கினார். அவர் மனைவி தூக்கினாள். பக்கத்துக் கடையில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தவன் இடுக்கியோடு தூக்கினான். மொத்தச் சந்தையும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன், மச்சான். இரண்டு, நாலு, ஆறு என்று வாய்விட்டு எண்ணினேன்.

"அங்கிள், இனி ரொம்பாக் கா?" என்று கேட்டார் அவர். இது கொள்ளையா என்று கேட்கிறார், பாவம். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னதும் அவர் தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பெரிய கிளாசில் சாறு ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கிளாசை மூக்கருகே கொண்டுபோனேன் பார், பச்சை நசுங்கிய வாசனையும் கிரீஸ் வாசனையும் சேர்ந்து வந்தது. அதற்குமேல் நான் சந்தையில் இல்லை. நம்முடைய தேயிலை ஃபேக்டரிக்கே போய்விட்டேன்.

நீயும் நானும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்து, ஒரே நாளில் ஃபேக்டரிக்குப் பேர் கொடுத்தவர்கள். எழுபதுகளில் அந்தத் தகரக் கூரைக்குள்தான் நம் உலகமே இருந்தது. கொழுந்தை அரைக்கிற மெஷினுக்கு நாம் வைத்த பெயர் பல்லுக்காரி. பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகள், ஒன்றை ஒன்று கடிக்கிற மாதிரி எதிரெதிராகச் சுற்றும். அவள் வாயில் கொழுந்தைத் தள்ளுவது உன் வேலை. மேலே ஓடுகிற தண்டிலிருந்து அவளுக்கு ஓட்டம் கொடுப்பது நீளமான ஒரு தோல் பெல்ட். அந்தப் பெல்ட்டை ஒரு கம்பியால் இந்தப் பக்கம் தள்ளினால் அவள் நிற்பாள், அந்தப் பக்கம் தள்ளினால் ஓடுவாள். கம்பியைப் பிடிப்பது என் வேலை. அதனால்தான் எனக்கு 'பெல்ட்டு' என்று பேர் வைத்தாய், பாவி, இன்றைக்கும் ரிங்லெட் ஊரில் என் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

நான் நின்ற இடத்திலிருந்து உன் தலை தெரியும், கை தெரியாது. காற்றாடி, அடுப்பு, சல்லடை எல்லாம் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பேச்சும் பாதிதான் கேட்கும். அதனால் நமக்குள் ஒரே சொல். நீ "விடு" என்பாய், நான் கம்பியைத் தள்ளுவேன். நமக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். பெல்ட்டை விடு, அவ்வளவுதான்.

நம் பாஷை எப்படிப்பட்டது என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்? வண்டியை விடு என்றால் ஓட்டு. பேச்சை விடு என்றால் நிறுத்து. கையை விடு என்றால் உள்ளே நுழை என்றும் ஆகும், பிடித்த பிடியை எடு என்றும் ஆகும். ஒரே சொல்லில் போகச் சொல்லவும் முடியும், நிற்கச் சொல்லவும் முடியும். அந்தச் சொல்லை நம்பி உன் பத்து விரலையும் பல்லுக்காரியின் வாயருகே வைத்திருந்தோம்.

அது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த பந்து விளையாட்டில் நாம் ஒரு கோலில் தோற்றிருந்தோம். நீதான் கோல் காவல். தோட்டமே உன்னைக் கரித்துக் கொட்டியது. காலையிலிருந்து உன் பக்கத்தில் கூடை கவிழ்த்துக்கொண்டிருந்த சின்னையா வாயை மூடவே இல்லை. நடுவில் சாக்கு நார் ஒன்று கொழுந்தோடு போய் உருளையில் சுற்றிக்கொண்டது. நீ தலையை ஆட்டிக் காட்டினாய், நான் பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினேன். நீ குனிந்து இடது கையை உள்ளே கொடுத்து நாரை அறுத்துக்கொண்டிருந்தாய்.

"அந்தப் பந்து நேரா ஒம் மடிக்குத்தான்லா வந்துச்சு. அதப் போயி எப்படிலா கோட்ட விட்ட?" என்றான் சின்னையா.

"அத விடுடா!" என்றாய் நீ.

எனக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும். விடுடா. நான் கம்பியைத் தள்ளினேன்.

நீ அலறவில்லை. "மச்சான்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாய். அந்தக் குரல் எனக்கு முழுசாகக் கேட்டது. எந்தக் கையால் பெல்ட்டைத் தள்ளினேனோ அதே கையால் இழுத்தேன். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது.

அப்புறம் ஓர் அமளி. நம் ஃபேக்டரியில் எந்த வெட்டுக்கும் முதல் வைத்தியம் தேயிலைத் தூள்தானே. ஆளாளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடி வருகிறார்கள். நானும்தான், தரையிலிருந்தே ஒரு பிடி அள்ளினேன், வெட்கக்கேடு. நல்ல வேளையாக, காயத்துக்குக் கட்டுப் போடுகிற தோட்டத்து டிரெஸர் அன்றைக்கு வெளி லயத்துக்குப் போகாமல் மருந்தகத்திலேயே இருந்தார். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"டேய், மீனுக்கு மசாலாவாடா தடவுறீங்க? கீழ போடுங்கடா அத்தன பேரும்!" என்று ஒரு கத்து கத்தினார். தூள் சலிக்கிற பெண் ஒருத்தி அன்றுதான் துவைத்துத் தலையில் கட்டியிருந்த துணியை உருவிக் கொடுத்தாள். அதை மடித்து அழுத்திக் கட்டிவிட்டு, உன் கையைப் பிடித்து மேலே உயர்த்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ புடி. நெஞ்சுக்கு மேலயே இருக்கணும். கீழ ஆஸ்பத்திரி வாசல் வர எறக்கப்படாது. எறக்குன, அப்புறம் நான் ஒன்னய என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

தோட்டத்து லோரியில் ஏறினோம். அடித்தட்டில் நீ சாய்ந்து உட்கார, நான் மண்டியிட்டு உன் கையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். ரிங்லெட்டைத் தாண்டித் தாப்பா ரோட்டில் எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் லோரி ஒரு பக்கம் சாயும், நான் மறுபக்கம் சாய்வேன், உன் கை மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்தே நின்றது. ரோட்டோரத்தில் நின்றவர்கள் நாம் கையாட்டுகிறோம் என்று நினைத்து நமக்குத் திருப்பி ஆட்டினார்கள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துக் கிடக்கிறாய், அப்போதும் உன் வாய் சும்மா இருக்கவில்லை. "மச்சான், எலெக்சன்ல நின்ன மாதிரி இருக்குலா. நீயும் ஒரு டாட்டா காட்டு" என்றாய். நான் அழுதுகொண்டே சிரித்தேன். என் வாழ்க்கையில் அந்த மாதிரி அழுகையும் சிரிப்பும் அதற்குப்பிறகு சேர்ந்து வந்ததில்லை.

மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. மற்ற மூன்றும் பிழைத்தன. தூள் வைக்காமல் துணியால் அழுத்திக் கையைத் தூக்கிக்கொண்டு வந்ததால்தான் இதுவாவது மிஞ்சியது என்று டாக்டர் சொன்னாராம். சொன்னாராம் என்கிறேன், ஏனென்றால் நான் அப்போது அங்கே இல்லை. உன்னை உள்ளே கொண்டுபோனதும் தப்பி ஓடி வந்தவன், மூன்று வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஃபேக்டரியிலும் கம்பியைத் தொட மாட்டேன் என்று சாதித்து, அடுப்புக்கு விறகு தூக்கப் போய்விட்டேன். என் தங்கைதான் ஒரு நாள் என் எதிரே வந்து நின்றாள். "அவரு ஒன்னயக் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒனக்குத்தான் வெரல் போன மாதிரி மூஞ்சிய வச்சிருக்க. போண்ணே" என்று சீறினாள். அவள் ஏன் அப்படிச் சீறினாள் என்பது அப்போது என் மர மண்டைக்கு ஏறவில்லை.

வந்தேன். உன் கட்டில் ஓரமாக நின்று, மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என்னைப் பேசவே விடவில்லை. ஏதோ லாட்டரி விழுந்தவன் மாதிரி கண் பளபளக்க எழுந்து உட்கார்ந்தாய்.

"வா வா, பெல்ட்டு! ஒன்னயத்தான் தேடிக்கிட்டிருக்கேன். இங்க படுத்துக்கிட்டு ஒரே யோசன. அன்னைக்குத் தாப்பா வரைக்கும் கையத் தூக்கிக்கிட்டே வந்தம்ல?"

"ஆமா."

"அதையே மெஷின ஓட்றதுக்கு முன்னாடி தூக்கியிருந்தா, பின்னாடி தூக்க வேண்டிய வேலையே இல்லல்ல?"

நான் முழித்தேன். நீ கட்டுப்போட்ட கையையும் நல்ல கையையும் சேர்த்து மேலே தூக்கிக் காட்டினாய். "இப்படி எல்லாரும் தூக்கணும். நாம எண்ணணும். அப்புறம்தான் பெல்ட்டு. என் கை ஒனக்குத் தெரியலன்னு நெனச்சுக்கோ, அப்ப அது எங்க இருக்கும்? பல்லுக்காரி வாயிலதான் இருக்கும்!"

"நான் இனிமே கம்பியப் புடிக்க மாட்டேன், மச்சான்."

உனக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அபூர்வம். அன்று வந்தது. "நீ புடிக்கலன்னா வேற எவனாச்சும் புடிப்பான். அவனுக்கு என் வெரல் ஞாபகம் இருக்காதுடா" என்றாய். அடுத்த திங்கட்கிழமை நான் கம்பி முன்னால் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து நீ வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக அந்தச் சொல்லுக்குத் தடை போட்டாய். அட, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்குகிறது! ஃபேக்டரிக்குள் யாரும் 'விடு' என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஓடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வந்து வாசலைக் கழுவ வேண்டும். டீமேக்கர் ஐயா துள்ளிக் குதித்தார். ஃபேக்டரிக்கே அவர்தான் பெரியவர், கசங்காத சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாகத் திரிகிறவர்.

"தமிழனப் பாத்துத் தமிழ் பேசாதேங்கிறியா?"

"பேசுங்கய்யா, நல்லாப் பேசுங்க. அந்த ஒத்த வார்த்தைய மட்டும் வாசல்ல செருப்போட சேத்துக் கழட்டி வச்சிட்டு வாங்க" என்றாய் நீ.

முதல் வாரத்தில் சின்னையா மட்டும் பதினோரு வாளி தூக்கினான். நம் வாசல் கோயில் பிரகாரம் மாதிரி மின்னியது. விடுகதை போட்டவன் மாட்டினான், விடுமுறை கேட்டவன் மாட்டினான். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வந்து நமக்கு விடிவு காலம் பிறக்கும் என்று பேச, மொத்தப் பேரும் 'வாளி, வாளி' என்று கூச்சல். விடிவு வேறு, விடு வேறு என்று அவர் இலக்கணம் பேசினார். நீ நெடுநேரம் யோசித்து, அரை வாளி என்று தீர்ப்புச் சொன்னாய். இந்த மடலிலேயே அந்தச் சொல் எத்தனை இடத்தில் விழுந்திருக்கிறது பார். நீ இருந்திருந்தால் என் முதுகு உடைந்திருக்கும்.

ஓட்டுவதற்கு 'ஜாலான்', நிறுத்துவதற்கு 'பெரந்தி' என்று மலாய்ச் சொல் இரண்டை வைத்தாய். "நம்ம வார்த்தைக்கு ஒம்பது அர்த்தம், இதுக்கு ஒண்ணே ஒண்ணு" என்றாய். ஒவ்வொரு தடவை நிறுத்தி ஓட்டும்போதும் பல்லுக்காரியைச் சுற்றி இருக்கிறவர்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்க வேண்டும். நீ உரக்க எண்ணுவாய். ஆறு பேர், பன்னிரண்டு கை. முதல் நாள் சின்னையா உன் இடது கையைக் காட்டி, "இத அரைன்னு சேத்துக்கலாமாலா?" என்றான். நீ அந்த மூன்று விரல் கையாலேயே அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தாய். "வலிச்சிச்சா? அப்ப முழுக் கைதான்."

எண்ணிக்கை எப்போதும் ரெட்டைப்படையில்தான் முடியும், ஒற்றைப்படை வந்தால் யாருடைய கையோ காணோம் என்று கண்டுபிடித்ததும் நீதான். ஒத்தப்படைன்னா ஓட்டாதே. சுவரில் கரியால் எழுதினாய். அதற்கும் ஒரு சண்டை. ஒற்றைப்படைதானே நமக்குச் சுபம், மொய்கூட ஒன்று சேர்த்துத்தானே வைக்கிறோம், வேலை நடக்கிற இடத்தில் இப்படி எழுதலாமா என்று பலருக்கு மனசு ஒப்பவில்லை. "சாமிக்கு ஒத்தப்படை, மெஷினுக்கு ரெட்டப்படை. ரெண்டு பேருக்கும் சண்ட கெடையாது" என்றாய். டீமேக்கர் ஐயா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் என்ன கள்ளனா, கையத் தூக்கிக்கிட்டு நிக்க?" என்று எண்ணும் நேரத்தில் வேண்டுமென்றே வெளியே போய்விடுவார்.

நடுவில் என் தங்கையை நீ கட்டிக்கொண்டாய். அவள் ஆஸ்பத்திரிக்கு என்னைச் சீறித் துரத்தியதற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாலி கட்டும்போது உன் கையையே பார்த்துக்கொண்டு நான் வியர்த்துப்போய் நின்றேன். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "மூணு முடிச்சுக்கு மூணு வெரல் தாராளம்" என்றாய். எட்டு விரலோடு மறுபடி கோலும் காத்தாய். நாலு கோலில் தோற்றோம். அந்தக் கதையை இங்கே எழுதவில்லை, உன் மரியாதையைக் காப்பாற்றுகிறேன்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் தண்டும் பெல்ட்டும் போய்ப் பல்லுக்காரிக்குத் தனி மோட்டார் வந்தது. பச்சைப் பட்டனைத் தொட்டால் போதும், நொடியில் முழு ஓட்டம். அதற்குள் ஃபேக்டரியில் பாதிப் பேர் புதிது, கை தூக்குவது ஒரு பழைய விளையாட்டு என்று ஆகிக்கொண்டிருந்தது. "பட்டன் வந்தாச்சு, இனி என்னலா கைத் தூக்கு?" என்றார் டீமேக்கர். ஆயுத பூசையன்று முதல் ஓட்டம் என்று நாள் குறித்தார்கள். ரிங்லெட்டிலிருந்து பூசாரி வந்தார், தோட்டத்து மேனேஜர் துரை குடும்பத்தோடு வந்தார். பல்லுக்காரிக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. பட்டன் முன்னால் நான்.

நீ நடுவில் வந்து நின்று, "கையத் தூக்குங்க!" என்றாய். துரை இருக்கிறாரே, அதனால் டீமேக்கரும் வேறு வழியில்லாமல் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றார். நீ எண்ணினாய். பட்டன்மேல் கை வைத்திருந்த நான் நீங்கலாக, மெஷினைச் சுற்றி எட்டுப் பேர்.

"பதினஞ்சு" என்றாய்.

யாரோ சிரித்தார்கள். நீ மறுபடி எண்ணினாய், விரல் நீட்டி நீட்டி. பதினைந்துதான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். பூசாரிக்கோ நல்ல நேரம் கைநழுவுகிற பதற்றம். அவருக்கு நம் சட்டம் என்ன தெரியும், பாவம். "பதினஞ்சு நல்ல எண்ணுதாம்பா! நேரம் போவுது, விடுங்க, விடுங்க!" என்று சத்தமாகக் கத்தினார்.

அந்தச் சொல், மச்சான். எத்தனையோ வருஷம் கழித்து, அதே மெஷின் முன்னால், அதே சொல். துரை என்னைப் பார்த்து 'ம்' என்று தலையாட்டுகிறார். என் விரல் பச்சைப் பட்டன்மேல் இருக்கிறது. ஒரு மயிரிழை அழுத்தினால் போதும். அந்த நிமிஷம் என் காதில் பூசாரி குரல் விழவில்லை. தாப்பா ரோட்டு லோரிச் சத்தம்தான் கேட்டது. நான் உன்னை மட்டும் பார்த்தேன். நீ மூன்று விரல் கையை உயரத் தூக்கி, "ஒத்தப்படை! பெல்ட்டு, ஒத்தப்படை!" என்று கத்தினாய். நான் பட்டனிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஓட்ட மாட்டேன், தொர" என்றேன். துரையிடம் மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

நீ மெஷினைச் சுற்றி ஓடினாய். பின்னால் டீமேக்கர் ஐயா, ஒரு கையை ஒழுங்காகத் தூக்கியபடி நிற்கிறார். மறு கை முழங்கைவரை பல்லுக்காரியின் வாய்க்குள். மாலையின் நார் நழுவி உருளைக்குள் போயிருக்கிறது, துரை பார்த்தால் அசிங்கம் என்று சத்தமில்லாமல் அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாரும் பார்த்ததும் கையை மெல்ல வெளியே எடுத்தார். ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். பிறகு அப்படியே ஒரு கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். நீதான் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஐயா, இன்னொண்ணையும் தூக்குங்க. கணக்கு நிக்குது" என்றாய், அவ்வளவு மெதுவாக. கசங்காத சட்டைக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

"பதினாறு!" என்றாய். "ஜாலான்!"

பட்டனை அழுத்தினேன். ஐயோ, அந்தக் கூச்சல்! பெண்கள் குலவை போட்டார்கள், சின்னையா சாக்குமேல் ஏறி ஆடினான், என்ன ஆனது என்று புரியாத பூசாரியும் சேர்ந்து கத்தினார். கத்தி முடித்ததும் அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனார். மறுநாளிலிருந்து எண்ணுகிற நேரத்தில் முதலில் கை தூக்கியவர் டீமேக்கர் ஐயாதான். பட்டனும் மோட்டாரும் மாறின, உருளைக்குக் கம்பிக்கூண்டும் வந்தது, நாம் இரண்டு பேரும் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வரும்வரை கை தூக்குவது மட்டும் நிற்கவில்லை. நமக்குப் பின்னால் அங்கே ஒரு விரல் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இத்தனை நடந்தும் என் மனசில் அந்தத் திங்கட்கிழமை கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் நீ பேச்சை மாற்றிவிடுவாய். தப்பு உன்னோடதும் இல்லை, என்னோடதும் இல்லை, அந்த வார்த்தையோடது என்பாய். எனக்கு அது போதவில்லை. போன வருஷம் ஈப்போ ஆஸ்பத்திரியில் உன் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, என் தங்கை மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, உன் மூன்று விரல் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் எட்டிப் பாத்துட்டுத் தள்ளியிருக்கணும், மச்சான். நாலு எட்டு நடந்தாப் போதும், ஒன் கை தெரிஞ்சிருக்கும். நான் நடக்கல."

நீ கண்ணைத் திறந்தாய். உதட்டோரத்தில் அந்தக் குறும்பு.

"அத விடுடா" என்றாய்.

நாற்பது வருஷத்துக்கு மேல் உன் வாயில் வராத சொல். வாளி, வாளி என்று சொல்ல வாயெடுத்தவன் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதே இரண்டு சொல்தான், மச்சான். அன்றைக்கு எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இந்தத் தடவை முழுசாகக் கேட்டது.

இன்று மறுபடியும் கரும்புச்சாறு கடைக்குப் போனேன். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் தெரியட்டும். தூரத்தில் என்னைக் கண்டதுமே கடைக்காரருக்குச் சிரிப்பு. மெஷினில் சக்கையை எடுத்து முடித்தவர், சுவிட்சைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கினார். மனைவியைப் பார்த்து ஒரு அதட்டல், அவளும் தூக்கினாள். நானும் பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டையும் தூக்கினேன்.

"எனாம், அங்கிள்" என்றார். ஆறு.

நான் உன்னுடையதையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். எட்டு. எப்படி எண்ணினாலும் ரெட்டைப்படைதான், மச்சான்.

"ஜாலான்" என்றேன்.